தராசில் தொங்கிய கணக்கப்பிள்ளை

“எத்தனை? சீக்கிரம் சொல்லுங்க, கை வலிக்குது!”

கொழுந்து நிறுக்கிற பெரிய தராசின் கொக்கியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கத்தினார் கணக்கப்பிள்ளை வீரய்யா. காலை மடக்கிக்கொண்டு வேறு!

“நூத்தி எண்பது ராத்தல்!” கொழுந்துக்காரப் பெண்கள் கைதட்டினார்கள்.

தெமோதரைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சனிக்கிழமை என்றால் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் இதுதான் திருவிழா.

இருநூற்று முப்பது ராத்தல் இருந்த மனுஷன். பதுளை டொக்டர் ஷுக்ரிதான் தின்றதையெல்லாம் நோட்டில் எழுத வைத்து, நடக்க வைத்து, நூற்றெண்பதுக்கு இறக்கினார்.

“குறைச்சது பெரிசில்ல. ஒரு வருஷம் ஏறாமப் பாத்துக்கங்க. வாராவாரம் நிறுத்துப் பாருங்க” என்று சொல்லி அனுப்பினார்.

வீரய்யா இறங்கியதும் கொழுந்து பறிக்கும் நல்லம்மாவின் கூடை ஏறியது.

“பதினேழு. பதினெட்டு இருந்தாத்தான் முழுப்பேர். உனக்கு அரைப்பேர்!”

“கழுத்து ஒடியுதுங்க ஐயா, பதினேழுதானா? அரைநாள் சம்பளத்துல எப்பிடிங்க பொழைக்கிறது?”

“தராசுக்கு ஆளைத் தெரியுமா புள்ள? எனக்கும் இதே தராசுதான்!”

வருஷம் முடிந்தது. வீரய்யா துள்ளிக்கொண்டு பதுளைக்குப் போனார். தொங்கிய முகத்தோடு திரும்பினார்.

“டொக்டர் மெஷின்ல இருநூறாம்!”

மடுவமே குலுங்கிச் சிரித்தது.

“களவாத் தின்னீங்களா ஐயா? நோட்டுல எழுதாம!” நல்லம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

வீரய்யாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வருஷமாகச் சீனி போடாத தேத்தண்ணி குடித்தவராச்சே!

“நானா களவாத் தின்னேன்? பஜார்ல மூணு அரிசிக் கடைத் தராசுல ஏறிப் பாத்தேன். மூணுலயும் இருநூறு! நம்ம தராசுதான் பத்துக்கு ஒண்ணு முழுங்குது! முதல் வாரமே நூத்தி அறுபத்திரெண்டு காட்டிச்சே, நூத்தி எண்பது வரைக்கும் ஏறலாமேன்னுதானே தினம் ரெண்டு வடை கூடத் தின்னேன்!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சிரிப்பு சட்டென்று நின்றது. நல்லம்மா கூடையை இறக்கி அவர் காலடியில் வைத்தாள்.

“வடையை நீங்க தின்னீங்க, சரிங்க ஐயா. எங்க கொழுந்தை யாருங்க தின்னது?”