கோட்டுப் பரீட்சை

கோட்டை முதலில் சோடாக் கடைச் சின்னதுரைக்கு மாட்டிப் பார்த்தார்கள். கைக்குள் விரல் பத்தும் காணாமல் போயின.

துளசிராமன் திருப்தியாகத் தலையை ஆட்டினார். கோட்டு முதல் கேள்வியில் பாஸ்.

அடுத்து தபால்காரர். அவர் முதுகில் பானை வைத்துக் கட்டியதுபோல் ஒரு புடைப்பு வந்தது. அதுவும் பாஸ்.

எழுபத்தேழாம் வருஷம், மாசி மாதம், காலை பத்து மணி. கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு எதிரே ஆசீர்வாதத்தின் தையல் கடை. உள்ளே ஐந்து பேர் நின்றால் ஆறாவது ஆள் மிஷின் மேல்தான் உட்கார வேண்டும். அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தவள் மாப்பிள்ளையின் அம்மா குப்பம்மாள்.

துளசிராமன் பெண்ணுக்கு அப்பா. மீஞ்சூரிலிருந்து ரயிலேறி வந்திருந்தார்.

சென்னையில் கோட்டு, சூட்டு தைக்கும் ஒரு பெரிய கடையில் பதினோரு வருஷம் அளவுப் புத்தகம் எழுதியவர் அவர். துணி வெட்டும் கட்டர் டேப்பைப் பிடித்து எண் சொல்வார், இவர் எழுதுவார். ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. ஆனால் ஒரு ஜமீன்தாருக்கு வலது கை இடது கையைவிட அரை அங்குலம் நீளம் என்ற ரகசியம் உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். மற்ற இரண்டு பேரும் காலமாகிவிட்டார்கள்.

கல்யாணம் வைகாசியில் என்று பேசியிருந்தார்கள். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கோட்டு ஆகாது. மாப்பிள்ளையின் உடம்புக்கென்றே வெட்டித் தைத்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பெண் கிடையாது.

"அடுத்தவன் துணியில வந்து நிக்கறவன், அப்பால இன்னான்னா இரவல் வாங்குவானோ" என்பது அவர் வாதம்.

அசலா போலியா என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. ஒருத்தனுக்கென்று தைத்தது இன்னொருத்தனுக்குப் பொருந்தக் கூடாது.

தெருவில் போனவர்களையும் கூப்பிட்டு, மொத்தம் ஏழு பேருக்கு மாட்டியாயிற்று. ஒருவருக்கும் பொருந்தவில்லை. ஏழாவதாக வந்த சுண்டல்காரர் கோட்டுக்குள் தொலைந்தே போனார். குரல் வந்த திசையை வைத்துத் தேடி எடுத்தார்கள்.

ஆசீர்வாதம் வெற்றிலைப் பல் தெரியச் சிரித்தார்.

"இப்ப மாப்ள போடட்டும்" என்றார் துளசிராமன்.

மாப்பிள்ளை கோபாலுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஆணி கம்பெனி வேலை. ஆணிப் பெட்டியில் போட்டு மூடினால் அவனையும் ஆணியென்று சேர்த்து எடை போட்டுவிடுவார்கள், அப்படி ஓர் ஒல்லி உடம்பு.

கோட்டைப் போட்டுக்கொண்டு திரும்பினான்.

தோள் முழங்கைக்கு வந்திருந்தது. வயிற்றுப் பக்கம் ஒரு குழந்தையை உட்கார வைக்க இடமிருந்தது.

"இன்னா டெய்லரே, ஒரே ஆளுக்குத்தான் தெப்பேன்னு சொல்லிக்கினு, கடசீல அந்த ஆளையும் உட்டுட்டியே" என்றார் சின்னதுரை.

துளசிராமன் குடையைக் கையில் எடுத்தார். அவர் குடையை எடுத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். குப்பம்மாள் பதறி எழுந்தாள். கோபாலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே ஒரு தடவை பார்த்த பெண்ணுக்காக ஓர் ஆம்பிளை இப்படிக் கலங்குவானா என்று தபால்காரருக்கு ஆச்சரியம்.

"வாடகக் கோட்டு இல்ல சார். பைபிள் மேல சத்தியம். எங்கையால வெட்னது" என்றார் ஆசீர்வாதம்.

"எந்த மனுசன் ஒடம்புக்குய்யா வெட்ன? தோளு எங்க நிக்கணும்னு காட்றேன், குடு."

துளசிராமன் கோட்டை வாங்கித் தாமே போட்டுக்கொண்டார்.

தோள் தோளில் உட்கார்ந்தது. அவருடைய பெரிய வயிற்றின் மேல் மூன்று பட்டன்களும் மூச்சு முட்டாமல் சேர்ந்தன. அவருக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம். கோட்டும் இடது பக்கம் அவ்வளவே இறங்கியிருந்தது.

கண்ணாடியைப் பார்த்தார். இப்படி ஒரு வெட்டு சென்னைக் கடையில்கூட விழுந்ததில்லை.

"அளவு எப்ப எடுத்த?" என்றார், மெதுவாக.

"மாப்ளய இன்னிக்கித்தான் சார் பாக்கறேன். அவருக்கு ஷிப்டு. அம்மாதான் அளவுச் சட்ட ஒண்ணு குட்தாங்கோ. அத்த வெச்சித்தான் வெட்னேன்."

"டிரங்குப் பொட்டில, அடீல மடிச்சி வெச்சிருந்தான்" என்றாள் குப்பம்மாள். "இருக்கறதுலயே அதான் நல்ல சட்ட. கேக்காமக் கொள்ளாம எடுத்தாந்தேன்."

ஆசீர்வாதம் மேஜைக்கு அடியிலிருந்து சட்டையை எடுத்து நீட்டினார். வெள்ளைப் பாப்ளின், முழுக்கை.

துளசிராமன் காலரைத் திருப்பினார். உள்பக்கம் மையில் சலவைக் குறி. ஒரு கோடு, மூன்று புள்ளி. மீஞ்சூரில் அந்தக் குறி அவர் வீட்டுத் துணிக்கு மட்டும்தான்.

ஐப்பசி மழையில், அவர் வெளியூர் போயிருந்த அன்றைக்கு, கொடியிலிருந்து காற்று அடித்துக்கொண்டு போன சட்டை. அப்படித்தான் மகள் பூவம்மாள் சொல்லியிருந்தாள்.

கோபால் பெண் பார்க்க அவர் வீட்டுப் படி முதன்முதலாக ஏறியதோ அதற்கு மூன்று மாதம் கழித்து, தை மாதம்.

அவர் கோபாலைப் பார்த்தார். கோபால் மிஷின் சக்கரத்தில் எத்தனை கம்பி என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

எல்லாரும் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். தபால்காரர் கொஞ்சம் கூடுதலாகவே காத்திருந்தார். அவர் காதில் விழுவது முத்திரை இல்லாமலே சாயங்காலத்துக்குள் எட்டு ஊருக்குப் போய்ச் சேரும்.

துளசிராமன் சட்டையைக் காலர் உள்ளே போகும்படி மடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"அளவுல தப்பில்ல. அசல் அளவுக் கோட்டுதான் இது. மாப்ளதான் ஷிப்டு பாத்துப் பாத்து எளச்சிட்டாரு."

சின்னதுரை எதையோ கேட்க வாயைத் திறந்தார். துளசிராமன் குப்பம்மாள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வைகாசி வரிக்கும் இன்னாத்துக்கு சம்மந்தியம்மா? இன்னும் எளச்சிடப் போறாரு. இந்த மாசத்துலயே ஒரு நாள் பாருங்கோ."