ஒரு பதிலுக்கு ஒரு நட்சத்திரம்

"அப்பா அப்ப வரலன்னு சொல்லணும் கண்ணு. அதான் நிஜம்," என்று ஆசிரியை மகளின் காதோடு சொன்னாள்.

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் கால் ஆட்டிக்கொண்டிருந்த ஐந்து வயதுக்காரி ஆட்டத்தை நிறுத்தினாள். கூட்டலைத் தப்பாகப் போட்ட பிள்ளையை டீச்சர் பார்ப்பாளே, அப்படி அம்மாவைப் பார்த்தாள்.

"வந்தாரும்மா. நீலச் சட்டை போட்டுட்டு வந்தார். என்னைத் தூக்கினாரே!"

எதிர் பெஞ்சில் இன்னொரு ஓட்டுநரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் முன்பு குழந்தை இருமியபோது, தன் பாட்டிலை நீட்டி "தண்ணி குடிக்கிறியா பாப்பா?" என்று கேட்டிருந்தாள்.

அந்த ஒரு கேள்வியில், பொய் சொல்ல வந்திருந்த ஆசிரியையின் மனசு மாறிப்போனது.

பத்து நாளைக்கு முன், மாலை ஏழேகாலுக்கு, கம்பெனி வேன் ஒன்று சைக்கிளில் போனவரை இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. அவர் பிழைக்கவில்லை. வேன் சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒருவர் இவள் கணவர். இன்னொருவர் எதிரே இருப்பவளின் கணவர்.

இடித்தது யார் என்று இவளுக்குத் தெரியும். அன்று எட்டரைக்கு வீடு வந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கணவரே சொல்லி அழுதார்.

ஏழு மணிக்கே அவர் வீட்டில் இருந்தார் என்று யாராவது சொன்னால் போதும். பெண்டாட்டி சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? குழந்தை சொன்னால் நம்புவார்கள்.

சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. விழாமல் என்ன? மழலையர் பள்ளியில் பதினோரு வருஷம். ஐந்தில் வளைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பெயர்.

முறை எளிது. கேள்வி கேட்கணும். சரியான பதில் வந்த நொடியே புறங்கையில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டணும். ஆறப் போட்டால் பிரயோசனமில்லை. பரிசு சுடச்சுட விழுந்தால்தான் மனசு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில தடவை கொடுக்காமலும் விடணும். அப்போதுதான் பிள்ளை ஏங்கும், ஏங்கினால் மறக்காது.

முதல் மூன்று நாள், "அப்பா லேட்டாத்தானே வந்தார்?" என்று குழந்தை இழுத்தாள். நட்சத்திரம் கிடைக்கவில்லை. நாலாம் நாளிலிருந்து இழுக்கவில்லை.

ஆறாம் நாள், அவள் சொல்லிக்கொடுக்காத ஒன்றைக் குழந்தையே சொன்னாள். அப்பா தூக்கினபோது கழுத்தில் பவுடர் வாசனை அடித்ததாம்.

பயந்திருக்க வேண்டிய இடம் அது. அவள் பூரித்துப்போய் இரண்டு நட்சத்திரம் ஒட்டினாள்.

இப்போது ஆப்பசைத்த குரங்காக உட்கார்ந்திருக்கிறாள்.

"நிஜத்தைச் சொன்னா அட்டை முழுக்க நட்சத்திரம் தரேன்டா," என்று கடைசியாகக் கெஞ்சிப் பார்த்தாள்.

குழந்தையின் உதடு பிதுங்கியது. "பொய் சொன்னா நட்சத்திரம் கிடையாதுன்னு நீதானே சொன்ன?"

கதவு திறந்தது. தாயையும் மகளையும் கூப்பிட்டார்கள்.

சின்ன அறை. ஜன்னல் இருந்தது, ஆனால் அதன் முன்னால் ஒரு பீரோவை நிறுத்தியிருந்தார்கள். விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட பெண்மணி. குழந்தையிடம் தன்மையாகத்தான் கேட்டார். குழந்தை தண்ணீர்பட்ட பாடாகச் சொன்னாள். நீலச் சட்டை, தூக்கினது, பவுடர் வாசனை. எங்கும் தடுக்கவில்லை. அதிகாரி கடகடவென்று எழுதிக்கொண்டார்.

பிறகு இவள் பக்கம் திரும்பினார்.

போனால் போகிறது, நான் இருக்கிறேனே என்று ஆசிரியை தன்னைத் திடப்படுத்திக்கொண்டாள். 'நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவர் வந்தது எட்டரைக்கு.' இரண்டே வாக்கியம். அதற்கப்புறம் வீடு உடையட்டும், வாழ்க்கை உடையட்டும். எதிர் பெஞ்சுக்காரி தன் புருஷனோடு வீட்டுக்குப் போவாள்.

பேசுவதற்கு முன் அந்த மாலையை ஒருதரம் மனசில் எடுத்துப் பார்த்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். சுவரில் கடிகாரம், ஏழு. வாசல் கதவு.

கதவில் அவர் நின்றார். நீலச் சட்டையில்.

திடுக்கிட்டு அதைத் தள்ளிவிட்டு மறுபடி பார்த்தாள். மறுபடியும் நின்றார். குனிந்து குழந்தையைத் தூக்கினார். பவுடர் வாசனைகூட வந்தது.

இந்தப் பத்து நாளும், குழந்தை சரியாகச் சொன்ன ஒவ்வொரு தடவையும், அறை வாசலில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்த கணவர் பெருமூச்சு விடுவார். உடனே வந்து இவள் தோளைப் பிடிப்பார். ஆறு வருஷமாய் "சாப்பிட்டியா" என்றுகூடக் கேட்காத மனிதர், "நீ இல்லன்னா நான் இல்லம்மா" என்பார். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். அடுத்த கேள்விக்கு அவளே அவசரப்படுவாள்.

அந்த வகுப்பில் படித்தது இரண்டு பேர் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

எட்டரை, எட்டரை என்று உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தாள். எண் வந்தது. ஆள் வரவில்லை. சமையலறைத் தரையைத் தேடினாள். வெறும் தரைதான் இருந்தது.

"சொல்லுங்கம்மா," என்றார் அதிகாரி. "உங்க வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வந்தார்?"

"ஏழு," என்றாள்.

பொய் சொன்னால் அவளுக்கு நெஞ்சு படபடக்கும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

கையை மார்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

படபடக்கவில்லை.