ஏழாவது வட்டு

உலைக்குழாயின் செம்மஞ்சள் ஒளி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, மதிய வெயில் மட்டும் ஆய்வக அறையில் மிஞ்சியிருக்கிறது. ஆராய்ச்சி செய்யும் அக்கா இடுக்கியால் சிலிக்கான் வட்டை வெளியே எடுக்கிறாள். அதன்மேல் சிலிக்கான் கார்பைடு என்னும் கடினமான பொருள் வெங்காயத் தோலைவிட மெல்லிய படலமாக வளர்ந்திருக்கிறது. முந்தைய ஆறு வட்டுகளிலும் அந்தப் படலம் குளிரும்போதே விரிசல் விட்டது. இதுவும் விரிசல் விட்டிருந்தால் அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி இன்றோடு முடிந்துவிடும். “மெதுவா மூச்சு விடும்மா, அதுக்குச் சளி பிடிச்சிடப் போகுது,” என்கிறார் உலையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். “சும்மா இருங்கண்ணா.” அவள் வட்டை ஜன்னல் பக்கம் சாய்க்கிறாள். ஊதா நிறம் விளிம்புவரை ஒரே சீராகப் பரவுகிறது. ஜன்னல் கம்பிகளின் பிம்பம் அதில் வளையாமல் நிற்கிறது. ஒரு மேகம் எங்கும் உடையாமல் கடந்து போகிறது. “அண்ணா, விரிசலே இல்ல! கீழ விட்டுடுவேன் போல,” என்கிறாள். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் வட்டுக்குக் கீழே ஏந்துகிறார்.