மூன்று மணி அழைப்பு

காதில் வைத்த ரிசீவரை லூர்தம்மாள் வெடுக்கென்று கீழே வைத்தாள். மறுமுனையில் ஒருவரும் பேசவில்லை. இரும்பை இரும்பால் ராவுவது போல ஒரு கீச்சல்தான் கேட்டது.

அவள் இப்போது அடித்துப் பார்த்த அதே எண் டெலிபோன் பில்லில் இருபத்தாறு முறை இருந்தது. தினமும் சரியாக மதியம் மூன்று மணிக்கு, ஒவ்வொரு முறையும் நான்கு நிமிடம். அந்நேரம் அவள் எஸ்டேட் நாற்றங்காலில் வேலையாக இருப்பாள். வீட்டில் இருப்பது அவள் கணவர் லியோனார்ட் மட்டும்.

அவர் தேயிலை ஃபேக்டரி வேலையை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. உழைத்தது போதும் என்று சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் கோயில் மேட்டில் ஏறும்போது பாதி வழியில் நின்று, பள்ளத்தாக்கை வேடிக்கை பார்ப்பார்.

யாருக்குப் போன் செய்கிறார் என்று காலையில் கேட்டதற்கு, ஒருவருக்கும் இல்லை என்றார். முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அவள் அறிய அவர் சொன்ன முதல் பொய் அது. பில்லைவிட அந்தப் பொய்தான் அவளை உறுத்தியது. கோலா தெர்லா ஊர் யோகேந்திரனும் போனில் வந்த எவனையோ நம்பித்தான் ஈபிஎஃப் சேமநிதிப் பணம் முழுவதையும் தொலைத்துவிட்டுப் படுக்கையில் விழுந்தார்.

மதியம் அரை நாள் லீவு போட்டுத் தானா ராத்தா டவுனுக்கு பஸ் ஏறினாள். டெலிபோன் கம்பெனி கவுண்டரில் இருந்த ஜொஹரா என்ற பெண் பில்லைப் பார்த்தாள்.

“இது மனுஷங்க பேசுற நம்பர் இல்ல ஆன்ட்டி. டேட்டா நம்பர். மெஷினும் மெஷினும் பேசிக்கிறது.”

முன்பெல்லாம் இன்டர்நெட்டுக்கு இப்படித்தான் டெலிபோன் லைனில் போவார்கள் என்று விளக்கினாள். இதற்கு உள்ளூர் கட்டணமும் இல்லை, வெளியூர் கட்டணமும் இல்லை. எங்கிருந்து அடித்தாலும் நிமிடக் கணக்கில் தனிக் கட்டணம். அந்தப் பக்கத்து மெஷின் எடுத்த நொடியிலிருந்து காசு ஓடும்.

“எங்க வீட்டுல கம்ப்யூட்டரே இல்லியேம்மா.”

ஜொஹரா நிமிர்ந்து பார்த்தாள். அப்படியானால் வீட்டுக்குள் யாரோ எதையோ கொண்டுவந்து லைனில் மாட்டியிருக்க வேண்டும் என்றாள். லூர்தம்மாள் லியோனார்டை நினைத்தாள். அப்பாவி மனுஷர், யார் என்ன சொன்னாலும் நம்புவார்.

அந்த எண்ணுக்கு மட்டும் போகாதபடி தடுக்க முடியுமா என்று கேட்டாள். லைன் யார் பேரில் இருக்கிறதோ அவர் கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

“என் பேருலதான் இருக்கு. இப்பவே தடுத்துடு.”

“அஞ்சே நிமிஷம் லா ஆன்ட்டி.”

கையெழுத்துப் போட்டு வெளியே வந்தபோது மணி இரண்டே முக்கால். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவரிடம் எப்படிக் கேட்பது என்றே யோசித்துக்கொண்டு வந்தாள். கேட்டால் என்ன சொல்வாரோ என்று பயமாகவும் இருந்தது.

வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. லியோனார்ட் டெலிபோன் பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். சட்டை பட்டன்கள் திறந்திருந்தன. மார்பில் ஒட்டியிருந்த இரண்டு ஒயர்கள் மடியிலிருந்த சின்னப் பெட்டிக்குப் போயின. பெட்டியிலிருந்து இன்னொரு ஒயர் டெலிபோனுக்குப் போனது. அந்தக் குளிரிலும் அவர் முகமெல்லாம் வேர்வை.

அவளைப் பார்த்ததும் அவர் எதையும் ஒளிக்கவில்லை. சொன்னால் பயந்துவிடுவாள் என்றுதான் இத்தனை நாள் மறைத்ததாக முனகினார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னிக்கு நெஞ்சு ரொம்ப வலிக்குது லூர்து. துடிப்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பாக்குறேன், லைன் போகவே மாட்டேங்குது.”