வலது கால்

இந்தக் காலத்தில் யாருக்கும் பயமே கிடையாது. பயப்படுகிறவனைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். மாப்பிள்ளையின் கொட்டகையில் ஒரே பிரிட்டிஷ் கம்பெனியின் மூன்று மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. ஒன்று ஐம்பதுகளில் வந்தது, அடுத்தது எண்பதுகளில், கடைசியது போன வருடம். டேங்கில் பெயர் ஒன்றுதான். ஆனால் மிகப் பழையதற்கு மட்டும் பிரேக் இடது காலில், கியர் வலது காலில். மற்ற இரண்டிலும் நேர்மாறு. அந்தப் பழையது நடு ஸ்டாண்டில் நிற்க, காலை வெயில் அதன் குரோமில் பட்டுக் கண் கூசுகிறது. மாப்பிள்ளை ஏறி இரண்டு கால்களையும் மிதிகளில் தூக்கி வைத்திருக்கிறார். பின்னால் என் மகள். வாசலிலிருந்து சரிவு நேராக லாரிகள் ஓடும் சாலையில் போய் முட்டுகிறது.

"இத்தனை வருஷம் மத்த வண்டியத்தான ஓட்டுறீங்க. கால் மாறிடும் மாப்ளே."

"எல்லாம் மனசுல இருக்கு மாமா."

"மனசுல இருந்து என்ன பண்ண? கால்ல இல்ல இருக்கணும்!"

"அப்பாவையும் நடுவுல ஏத்திக்கலாங்க, வண்டி நகரவே நகராது," என்று மகள் சிரிக்கிறாள்.

"லாரி!" என்று சோதனைக்காகக் கத்துகிறேன். மாப்பிள்ளையின் வலது கால் கியரை ஓங்கி மிதிக்கிறது. பிரேக் மேல் இருக்கும் இடது கால் அசையவே இல்லை. மகளின் சிரிப்பு நிற்கிறது. அவள் விரல்கள் அவர் சட்டையைக் கசக்குகின்றன.

"திடீர்னு கத்தினா அப்படித்தான் மாமா."

"லாரி சொல்லிட்டா வரும்?"

அவர் இடது காலணியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொள்கிறார், ஞாபகத்துக்காம். மகள் இறங்கவில்லை. வண்டி ஸ்டாண்டிலிருந்து இறங்குகிறது, எஞ்சின் உறுமுகிறது. நான் திரும்பி, சரிவின் நட்டநடுவே கீழே நடக்கிறேன். பின்னால் ஹாரன் அலறுகிறது. ஒதுங்கமாட்டேன். கால் மாறுவதென்றால், சாலைக்குப் போவதற்குள் என் முதுகிலேயே மாறட்டும்.