செல்லாத சாட்சி

கருவேலங்குடி மாவட்ட வெள்ளத்தில் செத்தவர்களின் எண்ணிக்கையை அந்த மாவட்டத்து அமைச்சரே மறைத்தது அம்பலமானதிலிருந்து, அம்மாவட்டத்தார் அத்தனை பேரையும் பொய்யர்கள் என்றே சாட்சிகளை எடைபோடும் நீதிமன்றக் கணினி கணித்தது. தங்கையை லாரி ஏற்றிக் கொன்றவனைச் செண்பகவடிவு கண்ணால் பார்த்திருந்தாள். அவள் சாட்சியத்தைக் கணினி தள்ளிவிட்டது. லாரிக்காரன் சிரித்துக்கொண்டே வெளியேறினான்.

“என் கண்ணு முன்னாடிதானய்யா ஏத்துனான்!”

“உங்க மாவட்டத்து ஆளுங்க பேச்சு இங்க எடுபடாதும்மா,” என்றார் நீதிமன்ற ஊழியர்.

அடுத்த வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர், எண்ணிக்கையை மறைத்த அதே அமைச்சர். அவர் சொன்னதைக் கணினி அப்படியே ஏற்றுக்கொண்டது.

“இந்தாளு மட்டும் யோக்கியனா?”

“அவரு தண்ணி வடியறதுக்குள்ள முகவரிய வேற மாவட்டத்துக்கு மாத்திட்டாரும்மா.”

வாசலில் அமைச்சர் பழக்கதோஷத்தில் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். செண்பகவடிவு அவருடைய வெள்ளை வேட்டியில் காறித் துப்பினாள்.