முதல் கீறல்

"கண்ணு எங்கே இருந்துச்சு உங்களுக்கு? பிடரியிலயா?"

வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள் அவள். எதிரே தலையைச் சொறிந்தபடி அவள் புருஷன். பழைய மேஜை நாற்காலி வாங்கி விற்கும் கடைக்காரர். நடுவே அவளுடைய புது மோட்டார் சைக்கிள். பெட்ரோல் டேங்க்கில் சாண் நீளத்துக்கு ஒரு கீறல்.

"சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னு எடுத்தேன். கொஞ்சம் உரசிடுச்சு."

"கொஞ்சமா? இதுவா கொஞ்சம்? கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து வண்டி ஓட்டறீங்களே, எவ்வளவு ஓரமாப் போகணும்னு தெரியாது?"

"தெரியும். தெரிஞ்சும் உரசிடுச்சு. என்ன பண்ணச் சொல்றே?"

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வேலைக்கு லேபில் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாம் மேட்டுத் தெருக்கள். கியர் வண்டி ஓட்டத் தெரிந்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். தன் சேமிப்பைத் துடைத்து எடுத்து, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்ற சின்ன வண்டியாகப் பார்த்து வாங்கினாள். திங்கட்கிழமை லைசென்ஸ் டெஸ்ட். கோட்டை விட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் தயாராக இருந்தது.

ஆனால் வண்டி வந்த நாளிலிருந்து அவள் ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். மைதானத்துக்குப் போவாள். வண்டி லேசாக ஆடினாலே கிளட்ச்சைப் பட்டென்று விடுவாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிடும். "ஐயோ, எங்கேயாவது பட்டிருச்சா?" என்று இறங்கிக் குனிந்து பார்ப்பாள்.

"ஓட்ட வந்தியா, வண்டிக்கு வைத்தியம் பார்க்க வந்தியா?" என்று மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவார் அவர்.

அப்படிக் கத்தியவர்தான் இப்போது அசடு வழிய நின்றார்.

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வந்து சேர்ந்தான். அவள்தான் போன் போட்டு வரவழைத்திருந்தாள்.

பாலிசி எடுத்த அன்றைக்குப் பட்ட பாட்டை அவன் மறந்திருக்க முடியாது. "கீறல் விழுந்தாலும் புது டேங்க் மாத்தித் தரணும். ஆனா விலை இதுக்கு மேல ஒரு பைசா ஏறக்கூடாது" என்று மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினார் அவள் புருஷன். சாப்பிட எழுந்தவனைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். கடைசியில் அவன் தன் கமிஷனில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் எழுந்து போக முடிந்தது.

"கவலையே படாதீங்க அண்ணே! இதுக்குத்தானே அன்னிக்கு என்னைப் பிழிஞ்சு காயப்போட்டீங்க? டேங்க்கையே மாத்திடலாம்."

"ஒண்ணும் வேண்டாம். நீ கிளம்பு."

ஏஜென்ட் தன் காதை நம்பவில்லை. "வேண்டாமா? நீங்களா சொல்றீங்க?"

"பார்த்தியா தம்பி?" என்று குறுக்கே வந்தாள் அவள். "தான் இடிச்சது வெளியே தெரிஞ்சா கௌரவம் குறைஞ்சிடுமாம். ஊருக்கெல்லாம் பேரம் பேசத் தெரியும். பொண்டாட்டி வண்டின்னா மட்டும் வாய் அடைச்சுப் போயிடும்."

அவர் சாவியைக் கையில் வைத்தபடி கீறலை விரலால் தடவினார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"குடுங்க சாவியை! இனிமே உங்க விரல் என் வண்டி மேல பட்டுது, நடக்கறதே வேற!"

பிடுங்கினாள். ஹெல்மெட்டை மாட்டினாள். ஸ்டாண்டை ஒரே உதையில் தள்ளினாள்.

"ஏம்மா, முதல் கியர்ல மெதுவா..."

"நீங்க ஒண்ணும் சொல்லித் தரவேண்டாம்! உங்களைவிட மோசமா ஓட்ட இனிமே ஒருத்தர் பிறந்து வரணும்!"

வண்டி கிளம்பியது. குலுங்கவில்லை. நிற்கவில்லை. முனையில் இருந்த குப்பைத் தொட்டியை இடிக்கப்போகிற மாதிரி போய், இடிக்காமல், திரும்பி மறைந்தது.

அவர் நடுத்தெருவுக்கு ஓடிப்போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பின்பக்கத் தெருவில் சத்தம் கேட்டது.

"ரெண்டாவது போட்டுட்டா... அட, மூணாவதும் போட்டுட்டா!"

ஏஜென்ட்டுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, கௌரவத்தைத் தூக்கி ஓரமா வைங்க. எங்கே இடிச்சதுன்னு சொன்னா போதும், மத்ததை நான் பார்த்துக்கறேன்."

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இடிக்கலைடா. நான்தான் மைதானத்துச் சுவரோரமா நிறுத்தி வச்சு, சாவியாலேயே ஒரு இழு இழுத்தேன்."

"வேணும்னேவா?"

"பின்னே என்ன? ஒரு கீறல் விழுந்துடுமோன்னு பயந்து பயந்தே அவ ரோட்டைப் பார்க்கலை. சரி, அந்தக் கீறல் விழுந்தே போச்சுன்னு ஆக்கிட்டேன். நானே இழுத்துட்டு உன் கம்பெனிகிட்ட போய்க் காசு கேட்கவா? பேரம் பேசுவேன், பொய் பேச மாட்டேன்."

ஏஜென்ட் தலையில் கைவைத்துக்கொண்டான். "இது தெரியாம அண்ணி உங்களை அந்தத் திட்டு திட்டறாங்களே!"

"திட்டட்டும். திட்டிக்கிட்டே ஓட்டறால்ல?"

வண்டிச் சத்தம் நெருங்கி வந்தது. ஏஜென்ட்டுக்கு மனசு இளகிவிட்டது.

"சரிண்ணே, க்ளெய்ம் வேண்டாம். எனக்குத் தெரிஞ்ச பெயிண்டர் ஒருத்தன் இருக்கான். கீறல் இருந்த இடமே தெரியாம பண்ணிடுவான். என் செலவு. இன்னிக்கே வரச் சொல்லட்டுமா?"

அவர் பதறிப்போய் அவன் வாயைப் பொத்தினார்.

"டெஸ்ட் முடியற வரைக்கும் அவனை இந்தத் தெருப் பக்கமே விட்டுடாதே தம்பி... வண்டி மறுபடியும் புதுசாயிடும்!"